கறுப்பின வரலாற்றுக் கட்டுரைப் போட்டி: பரிசு விழாவுக்கு நன்கொடை கேட்கிறோம்

அன்புள்ள தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களுக்கு வணக்கம்.

நம் ஊர் நூலகத்தில் பிப்ரவரி கடைசி சனிக்கிழமை நடக்கும் கட்டுரைப் போட்டிப் பரிசு விழாவுக்காக உங்களிடம் பணம் கேட்டு எழுதுகிறோம். தேவை 3,800 டாலர். இதுவரை சேர்ந்தது 1,150. கணக்கை அப்புறம் சொல்கிறோம். அதற்கு முன்னால் ஒரு பேருந்துப் பயணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1944 ஏப்ரல் மாதம், ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் என்ற ஊரில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேச்சுப் போட்டி. அட்லாண்டாவிலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் தன் ஆசிரியையோடு போயிருந்தான். கறுப்பின மக்களும் அமெரிக்க அரசியல் சாசனமும் என்பது அவன் எடுத்துக்கொண்ட பொருள். நன்றாகப் பேசினான், வெற்றியும் பெற்றான். இரவு ஊர் திரும்பும்போது வழியில் வெள்ளையர்கள் ஏறினார்கள். எழுந்து இடம் கொடுக்கச் சொல்லி ஓட்டுநர் திட்டினார். பையனுக்கு எழுந்திருக்க மனமில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஆசிரியை சொன்ன பிறகுதான் எழுந்தான். அட்லாண்டா வரை சுமார் 90 மைல், இருவரும் நின்றுகொண்டே வந்தார்கள். வாழ்நாளில் அவ்வளவு கோபம் வந்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். அந்தப் பையன்தான் மார்ட்டின் லூதர் கிங்.

எங்கள் விழாவில் கட்டுரை எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும், பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், முன்வரிசைகளில் பெயர் ஒட்டிய நாற்காலி உண்டு. இடம் போதாவிட்டால் பெரியவர்கள் சுவரோரம் நிற்போம். போன ஆண்டும் அப்படித்தான் நின்றோம்.

போன ஆண்டு வந்தவை 38 கட்டுரைகள். இந்த ஆண்டு 57. அவற்றில் 14 நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை. நடுவர்களில் மூத்தவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கறுப்பின ஆசிரியை. பிள்ளைகளிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “புத்தகத்தில் இருப்பதைப் படியுங்கள், ஆனால் உங்கள் தெருவில் இருக்கிறவரிடமும் போய்க் கேளுங்கள்.” அதன் பலன் கட்டுரைகளில் தெரிகிறது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசி எழுதியிருக்கிறாள். பாட்டி பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிக்காரர். நம் ரிச்மண்டுக்கு மேற்கே 65 மைல் தூரத்தில், ஃபார்ம்வில் என்ற ஊர் இருக்கும் மாவட்டம் அது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், அந்தக் கவுண்டி 1959-இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் தேவாலயத்தில் கொஞ்சம் படித்தார்கள், பலருக்குப் படிப்பே நின்றுபோனது. 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பள்ளிகள் முறையாகத் திறந்தன. பள்ளிகளை மூடியபோது பாட்டிக்கு எட்டு வயது. மூடிய பள்ளியின் படியில் உட்கார்ந்து, பழைய வாசகப் புத்தகத்தை மனப்பாடம் ஆகும்வரை தங்கைக்குப் படித்துக்காட்டினாராம். “இப்போதும் ஏழாம் பக்கம் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முழுசாகச் சொன்னார்” என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். அந்த வரிக்குப் பக்கத்தில் நடுவர் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு விதை போட்டவர்களில் ஒருத்தி ஃபார்ம்வில் மாணவி. 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜான்ஸ், மோட்டன் உயர்நிலைப் பள்ளியின் சக மாணவர்களைத் திரட்டி வெளிநடப்பு செய்யவைத்தாள். இடம் போதாமல் தார்க்காகிதக் கொட்டகைகளில் வகுப்பு நடந்த பள்ளி அது. அதிலிருந்து வந்த வழக்கு, 1954 தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. அந்தப் பள்ளி இப்போது அருங்காட்சியகம். கட்டுரை எழுதிய 57 பேரையும் ஒரு நாள் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பதே இந்த ஆண்டு எங்கள் பெரிய ஆசை. கறுப்பின வரலாற்று வாரத்தை 1926-இல் தொடங்கிவைத்த கார்ட்டர் வுட்சன் பிறந்ததும் அதற்கு அடுத்த கவுண்டியில்தான். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 20 வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர்.

“நம்ம பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன?” என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1965-க்கு முன்னால் இந்தியாவிலிருந்து இங்கே குடியேற ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் ஒதுக்கீடு. இன ஒதுக்கலை எதிர்த்து அந்த மக்கள் அடிபட்டு, சிறைபோய் நடத்திய போராட்டம் நாட்டின் மனசை மாற்றியதால்தான் அந்த ஆண்டு வாக்குரிமைச் சட்டமும் வந்தது, குடியேற்றச் சட்டமும் மாறியது. நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்தது அந்தக் கதவு வழியாக. இது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நாங்கள் மனதார நினைக்கிறோம்.

சரி, கணக்கு. ஃபார்ம்வில்லுக்கு இரண்டு பேருந்துகளும் மதிய உணவும் 2,100 டாலர். எல்லாக் கட்டுரைகளையும் தொகுத்து 200 பிரதி அச்சிட 900. ஆளுக்கொரு புத்தகம் பரிசு, அதற்கு 800. அரங்கத்துக்கு நூலகம் வாடகை வாங்கவில்லை. விருந்துச் சாப்பாடு நாமே வீட்டில் செய்து கொண்டுவருகிறோம், அதற்குக் காசு வேண்டாம். ஆக, இன்னும் 2,650 டாலர் வேண்டும்.

இவ்வளவு கொடுங்கள் என்று யாரையும் நாங்கள் சொல்லமாட்டோம். 40 டாலர் இருந்தால் ஒரு பிள்ளையின் பயணச் செலவு அநேகமாக முடிந்துவிடும். பிள்ளைகளின் உண்டியல் காசையும் வாங்கிக்கொள்கிறோம். துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகளான மேகி வாக்கர் 1903-இல் இதே ரிச்மண்டில் வங்கி தொடங்கினார். பெயரே ‘பென்னி சேமிப்பு வங்கி’. ஒவ்வொரு சென்ட்டாகச் சேர்த்து வளர்ந்தது அது.

ஞாயிறு வகுப்பின்போது தமிழ்ப் பள்ளி வாசலில் மேசை போட்டிருப்போம். ரொக்கமாகவும் தரலாம், நூலக நண்பர்கள் குழு பெயரில் காசோலையாகவும் தரலாம். ரசீது கையோடு கிடைக்கும், வரவு செலவு மார்ச் மாதம் நூலக அறிவிப்புப் பலகையில் இருக்கும். பேருந்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் ஜனவரி 20-க்குள் தந்தால் உதவியாக இருக்கும். பிள்ளைகளோடு வரப் பெரியவர்கள் பத்துப் பேர் தேவை. வர முடிகிறவர்கள் மேசையில் பெயர் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு ஜன்னலோர இடம் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டோம்.

அன்புடன்,
கட்டுரைப் போட்டி விழாக் குழு