நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில ஹொட் டப்: வின்ரரை நினைச்சு முடிவெடுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

பங்குனி சித்திரை வந்தால் உங்கட பத்திரிகையில ஸ்விம்மிங் பூல் கட்டுற விளம்பரங்கள் பக்கம் பக்கமா வருது, அதில முக்கால்வாசிப் படத்தில தடாகத்தோட ஒட்டி உயரமா ஒரு ஸ்பா (ஹொட் டப் மாதிரிச் சுடுதண்ணித் தொட்டி) கட்டி, அதிலயிருந்து தண்ணி தடாகத்துக்குள்ள வழிஞ்சு விழுற மாதிரித்தான் கிடக்கு. வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அந்தப் படத்தைக் காட்டி "எங்களுக்கும் இப்பிடித்தான் வேணும்" எண்டு கனடாவில மார்க்கம், ஏஜக்ஸ், ஸ்காபரோ, பிரம்டன் பக்கம் எங்கட சனம் பெரிய காசு குடுத்துக் கட்டிப்போட்டு, ஐப்பசியில தடாகத்தை மூட நாங்கள் போய் நிக்கேக்க கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "அப்ப ஸ்பாவையும் மூட வேணுமோ?" ஓம், மூடத்தான் வேணும். கட்டுறதுக்கு முதல் இதை ஆரும் அவைக்குச் சொல்லுறேல்ல, அதாலதான் இந்தக் கடிதம் எழுதுறன்.

நான் ரொறன்ரோ சுத்துவட்டாரத்தில தடாகம் திறக்கிற, மூடுற, பம்ப் ஹீட்டர் திருத்துற வேலை செய்யுற ஆள். ஹொட் டப் விக்கிறேல்ல, கட்டிக் குடுக்கிறதும் இல்லை, ஆர் எதை வாங்கினாலும் எனக்கு அதில ஒரு சதமும் வராது.

தடாகத்தோட சேர்த்துக் கட்டுற ஸ்பாவுக்குப் பெரும்பாலும் தனி மெஷின் கிடையாது. ஒரே பம்ப், ஒரே வடிகட்டி, ஒரே காஸ் ஹீட்டர், மூண்டு வழி வால்வைத் திருப்பினால் தண்ணி ஸ்பாவுக்குப் போகும், திரும்பத் திருப்பினால் தடாகத்துக்குப் போகும், அவ்வளவுதான். சமரில இது நல்ல ஏற்பாடு, ஒரு தண்ணிக்கு மருந்து போட்டால் காணும், ஒரு வடிகட்டியைக் கழுவினால் காணும். ஆனா ஒன்ராறியோவில ஐப்பசியில வாற தாங்ஸ்கிவிங் நேரம் நாங்கள் வந்து பைப்புகளுக்குள்ள காத்தடிச்சுத் தண்ணியை வெளியேத்தி, வாயெல்லாத்துக்கும் பிளக் அடிச்சு, உறையாத மருந்து விட்டுப்போட்டுப் போயிடுவம், பிறகு வைகாசியில வாற விக்டோரியா டே வரைக்கும் அந்த மெஷின் ஓடாது. மெஷின் ஓடாட்டி ஸ்பாவும் இல்லை. இதில கவலை என்னெண்டால் இஞ்ச ஒருத்தர் ஹொட் டப் ஆசைப்படுறதே தை மாசம் ஸ்னோ கொட்டேக்க அதுக்குள்ள இருக்கத்தான், ஆடி மாசம் 30 பாகை வெயிலில ஆர் 40 பாகைத் தண்ணிக்குள்ள இறங்கப் போறது? தடாகத்தின்ர சீசனும் ஹொட் டப்பின்ர சீசனும் இந்த நாட்டில ஒண்டுக்கொண்டு நேர் எதிர், ரெண்டையும் ஒரே மெஷினில கட்டிப் போட்டால் குளிர் காலத்துக்கு ஆசைப்பட்டது குளிர் காலத்தில கிடைக்காது. கலிபோர்னியா, புளோரிடா, சிட்னியில இருக்கிற எங்கட ஆக்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, அங்க தடாகத்தைக் காத்தடிச்சு மூடுற வேலையும் இல்லை, அவை தாராளமா சேர்த்துக் கட்டலாம்.

சரி, ஸ்பாவுக்கு மட்டும் தனி பம்ப், தனி ஹீட்டர், தனி பைப் போட்டால் வின்ரரிலும் ஓட்டலாம் எண்டு சில கொன்ராக்டர்மார் சொல்லுவினம். ஓட்டலாம், பொய்யில்லை. ஆனா அந்த பைப்புகள் ஸ்பாவிலயிருந்து மெஷின் நிக்கிற மூலை வரைக்கும் வெளியில, குளிர் நிலத்துக்குள்ளால ஓடுது, தண்ணி ஓடிக்கொண்டே இருந்தால்தான் உறையாது. கரண்ட் போனால்? 2013 மார்கழியில ஐஸ் மழை பெய்து ரொறன்ரோவில மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் மின் இணைப்புகள் இருட்டில கிடந்தது, சிலருக்கு நத்தார் கழிஞ்சும் கரண்ட் வரேல்ல, அதை இஞ்ச இருந்த ஒருத்தரும் மறந்திருக்கமாட்டினம். அப்பிடி ஒரு நாள் வந்தால் வெளியில நிக்கிற ஹீட்டரும் பைப்பும் கெதியா உறைஞ்சு வெடிச்சுப் போகும், வெடிச்ச பைப் கொங்கிறீற்றுக்குக் கீழ எண்டால் திருத்துற செலவை நான் சொல்லத் தேவையில்லை. தனியா வாங்கி வைக்கிற போர்ட்டபிள் ஹொட் டப்பில பம்ப், ஹீட்டர், பைப் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளயே, சுத்திவரக் குளிர்காப்பு, மேல தடிச்ச ஃபோம் கவர், உள்ள 1,500 லீற்றர் சுடுதண்ணி, அந்தச் சூடே பைப்புகளை ஒரு நாள் அளவுக்கெண்டாலும் காப்பாத்தும். நாலைஞ்சு நாள் கரண்ட் இல்லையெண்டால் அதுவும் ஆபத்துத்தான், ஆனா ஆரையும் கூப்பிட்டுத் தண்ணியை இறக்க அவகாசம் கிடைக்குது. கவர் விஷயமும் அப்பிடித்தான். தண்ணி வழியிற பக்கமும் கல் பதிச்ச விளிம்பும் இருக்கிற ஸ்பாவுக்கு இறுக்கமா மூடி போடுறது சரியான கஷ்டம், மூடி ஒழுங்கா இல்லையெண்டால் குளிர் காலத்தில நீங்கள் சூடாக்கிறது தண்ணியை இல்லை, ஆகாயத்தை.

சேர்த்துக் கட்டுறதின்ர நல்ல பக்கத்தையும் சொல்ல வேணும். கொங்கிறீற் தடாகம் புதுசாக் கட்டுறியள், காஸ் ஹீட்டர் போடுறியள், வைகாசியிலயும் புரட்டாசியிலயும் பின்னேரம் பிள்ளையள் குளிருதெண்டு ஓடிவந்து சுடுதண்ணிக்குள்ள இருக்க வேணும், வின்ரரில இறங்கிற எண்ணமே இல்லை எண்டால் அது உங்களுக்குச் சரியான தெரிவு. 400,000 பி.டி.யு. (ஹீட்டரின்ர வலு அளவு) காஸ் ஹீட்டர் எண்டால் 3,000 லீற்றர் ஸ்பாவை 20 பாகையிலயிருந்து 38 பாகைக்கு முக்கால் மணித்தியாலத்துக்குள்ள கொண்டுவரும். போர்ட்டபிளில 240 வோல்ற் 5.5 கிலோவாற் ஹீட்டர் இருந்தாலும் 1,500 லீற்றரைக் குழாய்த் தண்ணிச் சூட்டிலயிருந்து ஏத்த ஒன்பது பத்து மணித்தியாலம் போகும், சாதாரண பிளக்கில செருகிற 120 வோல்ற் சாமான் எண்டால் ஒரு நாளுக்கு மேல. ஆனா போர்ட்டபிளை ஆரும் ஒவ்வொரு முறையும் பச்சைத் தண்ணியிலயிருந்து சூடாக்கிறேல்ல, சூட்டிலயே வச்சிருக்கிறது, அதால இறங்க நினைச்ச நேரம் இறங்கலாம். காத்தடிக்கிற பலூன் மாதிரி டப்பை வாங்கி வின்ரருக்கு எண்டு வைக்காதேங்கோ, அதில கனக்க 4 பாகைக்குக் கீழ பாவிக்கக் கூடாதெண்டு கம்பனியே எழுதியிருக்கும்.

இஞ்ச கனக்கப் பேரின்ர தடாகம் வினைல் லைனர் (பிளாஸ்ரிக் விரிப்பு) போட்டது. அதுக்குக் கொங்கிறீற் தடாகம் மாதிரி ஒரே வார்ப்பில ஸ்பாவைச் சேர்க்க ஏலாது, ஃபைபர்கிளாஸ் தொட்டி ஒண்டைப் பக்கத்தில இறக்கித்தான் பொருத்துவினம். ஏற்கெனவே இருக்கிற தடாகத்தோட சேர்க்கிறதெண்டால் டெக்கை உடைச்சு, நிலத்தைக் கிண்டி, பைப்பெல்லாம் புதுசா இழுக்க வேணும். நான் பாத்த வேலைகளில நடுத்தரமான போர்ட்டபிள் 10,000 டொலரைச் சுத்தி நிக்கும், சேர்த்துக் கட்டுறது அதைப்போல ரெண்டு மடங்கைச் சாதாரணமாத் தாண்டும்.

எங்கட வீடுகளில ஹொட் டப் கேக்கிறது இளசுகள், ஆனா உண்மையில பாவிக்கப் போறது முழங்கால் நோவோட இருக்கிற அம்மாவும் அப்பாவும்தான். ஹொட் டப்புக்குச் சனம் சொல்லுற ஜக்கூசி எண்ட பேரே அப்பிடி வந்ததுதான், இத்தாலியிலயிருந்து கலிபோர்னியா போன ஜக்கூசி எண்ட ஏழு சகோதரர்கள் பம்ப் செய்த குடும்பம், அதில ஒருத்தற்ர மகனுக்குச் சின்ன வயசிலயே மூட்டுவாதம், அந்தப் பிள்ளைக்காகத்தான் குளிக்கிற தொட்டிக்குள்ள வைக்கிற பம்ப் ஒண்டைச் செய்து 1950களில விக்கத் தொடங்கினவை. மூட்டு நோவுக்கு எண்டு பாத்தால் போர்ட்டபிளில முதுகு, கழுத்து, கால் எண்டு இடம் பாத்து வச்ச, தண்ணி பீச்சியடிக்கிற ஜெட்டுகள் முப்பது நாப்பது இருக்கும், கட்டுற ஸ்பாவில பெரும்பாலும் சுத்திவர இருக்கிற வாங்கு (பெஞ்ச்) ஒண்டும் ஆறெட்டு ஜெட்டும்தான். ஒரு குறை, போர்ட்டபிள் 90 சென்ரிமீற்றர் உயரம், முழங்கால் ஏலாத ஆள் ஏறி இறங்கிறது கஷ்டம். அதுக்கு நான் சொல்லுற வழி பாதியளவு நிலத்துக்குள்ள இறக்கிறது, விளிம்பு 45 சென்ரிமீற்றர் அளவு வெளியில நிண்டால் கதிரையில இருக்கிற மாதிரி இருந்து காலைத் தூக்கி உள்ள வைக்கலாம், தடாகத்துக்குப் பக்கத்தில பாக்கவும் கட்டினது மாதிரியே இருக்கும். முழுசா நிலமட்டத்துக்கு இறக்காதேங்கோ. குழிக்குத் தண்ணி வடியிற வழியும் பம்ப் பக்கம் ஒரு ஆள் குந்தி வேலை செய்யுற இடமும் கட்டாயம் விட வேணும், அதை விடாமல் இறுக்கி வச்ச ஒரு டப்பில சின்ன ஒழுக்கு ஒண்டைத் திருத்துறதுக்கு கிரேன் கொண்டுவந்து தூக்கினதை நான் கண்ணால பாத்தன். கீழ கம்பி போட்ட கொங்கிறீற் தளம் வேணும், தண்ணியும் ஆக்களும் சேர்ந்தால் ரெண்டு தொன்னுக்கு மேல, பழைய மர டெக்குக்கு மேல ஏத்திறது பயங்கரம். கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அடியுங்கோ, காஸ், கரண்ட் கம்பனியளின்ர லைன் எதால போகுதெண்டு இலவசமா வந்து அடையாளம் போட்டுவிடுவினம்.

இனி கரண்ட். இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். எங்கட ஆக்கள் "தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் கைக்காசுக்குச் செய்து தருவான்" எண்டு ஹொட் டப்புக்கு வயர் இழுப்பிக்கினம். 240 வோல்ற், 40லயிருந்து 60 அம்ப், தண்ணிக்குள்ள மனுசர் இருக்கினம், பக்கத்தில இன்னொரு தடாகம் வேற. லைசன்ஸ் இருக்கிற எலக்ட்ரிக்கல் கொன்ராக்டர்தான் செய்ய வேணும், ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையில பதிஞ்சு இன்ஸ்பெக்சன் எடுக்க வேணும், கசிவு வந்தால் உடன கட் பண்ணுற ஜி.எஃப்.சி.ஐ. கட்டாயம் இருக்க வேணும். தடாகத்துக்குப் பக்கத்தில எண்டால் இன்னொண்டும் இருக்கு: கொங்கிறீற்றுக்குள்ள இருக்கிற கம்பி, ஏணி, கைபிடி, பம்ப் எல்லாத்தையும் செப்புக் கம்பியால ஒண்டாப் பிணைக்கிறது. இதைச் செய்யாட்டி டப்பில ஒரு கையும் ஏணியில ஒரு கையும் வைக்கிற பிள்ளையின்ர உடம்புக்குள்ளால கரண்ட் போகலாம். செலவில மிச்சம் பிடிக்கிறதெண்டால் ஜெட்டிலயும் கலர் லைட்டிலயும் பிடியுங்கோ, இதில வேண்டாம்.

பிள்ளையள் எண்டதால வேலி கதையும் சொல்ல வேணும். பூட்டுற கவர் இருந்தால் ஹொட் டப்புக்குத் தனி வேலி தேவையில்லை எண்டு சில நகரசபையள் விடுகினம், ஆனா நகரத்துக்கு நகரம் சட்டம் வேற, உங்கட நகரசபையிட்டையே கேளுங்கோ. சேர்த்துக் கட்டின ஸ்பாவுக்குப் பெரும்பாலும் பூட்டுற கவர் இல்லை, வீட்டுப் பின்கதவைத் திறந்தால் நேர தண்ணி. 2002ல அமெரிக்காவில முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின்ர பேத்தி, ஏழு வயசுப் பிள்ளை, ஹொட் டப்பின்ர அடியில இருக்கிற உறிஞ்சு வாயில மாட்டுப்பட்டு இறந்தது, 2007ல அந்தப் பிள்ளையின்ர பேரிலயே அங்க சட்டம் வந்தது. கட்டுறதெண்டால் உறிஞ்சு வாய் ஒண்டு மட்டுமில்லாமல் தள்ளித்தள்ளி ரெண்டு இருக்குதோ, மூடி சரியான தரமோ எண்டு கேளுங்கோ, பழைய ஸ்பா உள்ள வீடு வாங்கிறவை முதல் வேலையா இதைப் பாருங்கோ. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளை ஹொட் டப்பில இறக்கவே வேண்டாம், பெரியாக்களுக்கும் 40 பாகைக்கு மேல கூடாது, கர்ப்பிணியளும் இருதய வருத்தக்காரரும் டொக்டரைக் கேட்டுப்போட்டு இறங்குங்கோ.

தண்ணியைப் பற்றிச் சுருக்கமா. அஞ்சு பேர் பெரிய தடாகத்தில இறங்கிறதும் 1,500 லீற்றரில இறங்கிறதும் ஒண்டில்லை, சூட்டில குளோரின் கெதியாத் தீரும், தீர்ந்தால் தோலில சொறி வரும், நீராவியோட லெஜியோனெல்லா கிருமி நெஞ்சுக்குள்ள போகலாம். தடாகத்துக்குப் போடுற குளோரின் குளிசையை ஹொட் டப்பில போடாதேங்கோ, அது அமிலத்தன்மை கூட, தொட்டியும் ஹீட்டரும் அரிச்சுப் போகும். மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா தண்ணியை முழுசா மாத்துங்கோ. எண்ணெய் வச்சு முழுகுற நாளில வடிவாச் சவர்க்காரம் போட்டுக் குளிச்சுப்போட்டு இறங்குங்கோ, நல்லெண்ணெய் வடிகட்டியை அடைச்சுப்போடும்.

வீடு விக்கிற யோசனை இருக்கிறவைக்கும் ஒண்டு. சேர்த்துக் கட்டினது வீட்டோட போயிடும். போர்ட்டபிள் பெரும்பாலும் உங்கட சாமான், கொண்டுபோகலாம், வாங்கிறவருக்கு விடுறதெண்டால் ஒப்பந்தத்தில எழுத வேணும். இதை எழுதாமல் விட்டு கடைசி நாளில சண்டை பிடிச்ச வீடுகளுக்கும் போயிருக்கிறன்.

ஆசிரியர் ஐயா, விளம்பரம் போடுறதை நிப்பாட்டச் சொல்லேல்ல, பத்திரிகை ஓட விளம்பரம் வேணும். ஆனா அடுத்த பங்குனிக்கு முதல் மார்க்கம், ரொறன்ரோ, பிரம்டன், ஏஜக்ஸ், பிக்கரிங் நகரசபைகளின்ர தடாக வேலிச் சட்டத்தையும் ஹொட் டப் பெர்மிட் விபரத்தையும் தமிழில ஒரு பக்கம் போடுங்கோ. "வின்ரரில இந்த ஸ்பா ஓடுமோ, ஓடுமெண்டால் கரண்ட் போனால் என்ன நடக்கும், அதை எழுத்தில தருவியளோ" எண்ட கேள்வியையும் அதே பக்கத்தில பெரிய எழுத்தில போட்டால், கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் சனம் கொன்ராக்டரிட்ட கேக்கும்.

இப்படிக்கு,
மார்க்கத்திலிருந்து ஒரு வாசகர்