பழைய நோட்டை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் 28 வருடமாகப் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறேன். கிராஃப் தாளில் புட்டாவும் (சேலை உடலில் வரும் சின்னச் சின்ன உருவம்) கரையும் வரைந்து, தறியில் அந்த டிசைனை விழவைக்கும் ஜக்கார்டு துளை அட்டை குத்தக் கொடுப்பது என் தொழில். இப்போது பாதி வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆனாலும் முதல் கோடு எனக்குப் பென்சிலில்தான் வரும்.

உங்கள் கல்வி இணைப்பில் டிசைன் படிப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். என்ன தேர்வு, எந்த ஊரில் கல்லூரி, என்ன செலவாகும் என்று எல்லாம் இருந்தது. நேர்காணலுக்கு வேண்டிய போர்ட்ஃபோலியோ, அதாவது நாம் செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பு பற்றி மட்டும் ‘தயார் செய்துகொள்ள வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை எப்படித் தயார் செய்வது என்று தெரியாமல் என் மகளுக்கு ஒரு வருடம் வீணானது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ஜவுளி வடிவமைப்பில் எம்.டெஸ். என்ற முதுநிலைப் படிப்பில் சேர ஆசைப்பட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் போகாத பாதை. சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் 35,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். அங்கே முதல் நாளே அவள் கொண்டுபோன பழைய நோட்டுகளையும் என் கிராஃப் தாள்களையும் பார்த்துவிட்டு, “இதெல்லாம் வேண்டாம், நீட்டாக இருக்க வேண்டும்” என்று ஓரம்கட்டச் சொல்லிவிட்டார்கள். பிறகு இருபது பக்கம் தயாரானது. இரண்டு பக்கம் பென்சில் ஷேடிங், ஒரு தெருவின் பெர்ஸ்பெக்டிவ், தண்ணீரைச் சேமிப்போம் என்று ஒரு போஸ்டர், புது மாதிரி தண்ணீர் பாட்டில் ஒன்று. பளபளவென்று அச்சடித்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார்கள். அதே மையத்தில் படித்த இன்னும் நான்கு பிள்ளைகளின் கையிலும் அதே பாட்டில், அதே போஸ்டர், நிறம்தான் வேறு.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் அந்தப் பாட்டிலைக் காட்டி, “இதை யாருக்காகச் செய்தாய்?” என்று கேட்டிருக்கிறார். என் மகளுக்குப் பதில் தெரியவில்லை. யாருக்காகவும் செய்யவில்லையே, என்ன சொல்வாள்? பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம் அவளே உட்கார்ந்து செய்தாள். என் தங்கை, அதாவது அவள் அத்தை, குழித்தறியில் நெய்கிறாள். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நாடாவுக்குள் போடும் நூல் சுற்றிய தார்க்குச்சிகள் பல நிறத்தில் பக்கத்திலேயே கிடக்கும். சாயங்காலம் வெளிச்சம் மங்கினால் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும், குச்சி உருண்டு குழிக்குள் விழும், குனிந்து தேட வேண்டும். அத்தைக்கு இடுப்பு வலி. என் மகள் பதினைந்து நாள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை குனிகிறாள் என்று எண்ணி நோட்டில் குறித்தாள். குச்சிகளைப் போட்டு வைக்க, கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒட்டி ஒரு தட்டு செய்தாள். இரண்டே நாளில் கிழிந்தது. அப்புறம் துணியில் பைகள் தைத்து, நெய்த சேலையைச் சுற்றும் படமரத்துக்குப் பக்கத்தில் கட்டினாள். “நூல் மாட்டுது, எடுத்துடும்மா” என்று அத்தை கழற்றி வைத்துவிட்டாள். மூன்றாவதாக மூங்கிலில் செய்தது இன்றைக்கும் தறியில் இருக்கிறது. கிழிந்த அட்டையையும் விடாமல் இந்த மூன்றையும் தேதி போட்டு, படம் எடுத்து, ஆறு பக்கத்தில் வைத்தாள்.

இன்னொரு பகுதி ஒரே ஒரு மாங்காய் புட்டா. கிராஃப் தாளில் வளைவு என்று ஒன்று கிடையாது, கட்டம்தான். மாங்காயின் வால் வளையும் இடத்தில் கட்டங்கள் படிக்கட்டு மாதிரித் தெரியும். எந்த இடத்தில் இரண்டு கட்டம் தள்ளுவது, எந்த இடத்தில் ஒன்று என்று தெரிந்தால்தான் நெய்த பிறகு கண்ணுக்கு வளைவாகத் தெரியும். அதோடு ஜரிகை ஒரேயடியாக நீளமாக மிதந்தால் வளையலில் மாட்டி இழுத்துவிடும். நடுநடுவே பிடிப்பு கொடுக்க வேண்டும். அந்தப் பிடிப்பைத் தப்பான இடத்தில் கொடுத்தால் மாங்காயின் வயிற்றில் கோடு விழும். அவள் அந்த வாலை 11 முறை போட்டாள். ஏழாவது தாளில் ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே விழுந்திருக்கிறது. 11 தாளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன தப்பு என்று ஒரு வரி எழுதினாள். ஓரத்தில் நான் சிவப்புப் பென்சிலில் போட்ட திருத்தங்களும் அப்படியே இருந்தன. எது தன் கோடு, எது அப்பாவின் கோடு என்று தெளிவாக எழுதிவிட்டாள்.

இந்த முறை நேர்காணல் நாற்பது நிமிடம் நடந்தது. அத்தை ஏன் அந்தத் துணிப்பையைக் கழற்றினார் என்று கேட்டே பத்து நிமிடம் போயிருக்கிறது. ஓட்டை விழுந்த தாளை ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம். ஆங்கிலத்தில் சொல் வராத இடத்தில் இவள் தாளைக் காட்டியிருக்கிறாள். இடம் கிடைத்தது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என் மகள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். 1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி, வடிவமைப்புக் கல்வி பற்றி நம் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் மிகச் சிறந்த வடிவமைப்பு என்று அவர்கள் பாராட்டியது நம் வீட்டுச் சொம்பை. அதையொட்டித்தான் 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. சொம்பிலிருந்து பாடம் தொடங்கிய படிப்புக்கு, தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தன் தறியை மறைத்துவிட்டுப் பாட்டில் படத்தோடு போக வேண்டிய அவசியம் என்ன?

இன்னொரு வேதனையும் உண்டு. பக்கத்துத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் யூசீட் எழுதப் போகிறான். அவனிடமும் போர்ட்ஃபோலியோ என்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஐஐடிகளில் பி.டெஸ். என்ற இளநிலை டிசைன் படிப்பின் சேர்க்கைக்கான அந்தத் தேர்வில் போர்ட்ஃபோலியோ கிடையவே கிடையாது. நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பி.டெஸ். சேர்க்கையிலும் கொடுத்த பொருளை வைத்து அங்கேயே செய்துகாட்டும் சிச்சுவேஷன் டெஸ்ட்தான். முதுநிலைப் படிப்புகளிலும், பல தனியார் பல்கலைக்கழகங்களிலும்தான் போர்ட்ஃபோலியோவைக் கேட்கிறார்கள். இது தெரியாமல் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எந்தச் சேர்க்கைக்குப் போர்ட்ஃபோலியோ வேண்டும், எதற்கு வேண்டாம் என்று உங்கள் இணைப்பில் ஒரு முழுப் பக்கம் போடுங்கள். டிசைன் கல்லூரிகளில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் எங்கும் இருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொல்லுங்கள். ‘நான் முதல்வன்’ போன்ற அரசுத் திட்டங்களிலும், பள்ளி ஓவிய ஆசிரியர்கள் மூலமாகவும் இதை விளக்கினால், பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். கோலம் போடுகிற பிள்ளை, அப்பாவின் சைக்கிள் கடையில் கேரியரை மாற்றிப் பொருத்துகிற பிள்ளை, தம்பிக்கு அட்டையில் வண்டி செய்து கொடுத்த பிள்ளை, எல்லோரிடமும் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. செய்யும்போதே தேதி போட்டு எடுத்துவைக்க வேண்டும், சரியாக வராததையும் சேர்த்து. காலை வெயிலில் மொட்டை மாடியில் வைத்து போனில் படம் எடுத்தாலே போதும், என் மகள் அப்படித்தான் எடுத்தாள்.

முடிந்தால் ஏப்ரலுக்குள் வெளியிடுங்கள். பள்ளி மூடியதும் எங்கள் தெருவுக்குப் பழைய பேப்பர்காரர் தள்ளுவண்டியோடு வந்துவிடுவார். போன வருடம் எதிர்வீட்டுப் பெண்ணின் மூன்று படம் வரையும் நோட்டுகள் தராசில் ஏறின. நான்தான் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.