கிணற்றடியில் ஒரு பலகை

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த முறை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு முள்ளியவளைப் பக்கமிருந்து நடந்து போனேன். வழியில் எட்டுத் தாகசாந்திப் பந்தல்கள். ஒன்றில் மோர் கொடுத்தார்கள். மற்ற ஏழிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பீப்பாய் பீப்பாயாகச் சாயத் தண்ணீர். உப்பு நீரில் விளக்கெரிப்பவள் கண்ணகி அம்மன். அவளை அது ஒன்றும் செய்யாது. எனக்கு முன்னால் நின்ற ஐந்து வயதுப் பிள்ளை மூன்று குவளை குடித்ததுதான் என்னை உறுத்தியது. ஊற்றிக்கொண்டிருந்த தம்பியிடம், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பவுடர், சீனி, தண்ணீர்." எங்கிருந்து வந்த தண்ணீர்? "பவுசரில் வந்தது, அம்மா." பவுசர் எங்கே நிரப்பியது? அவர் சிரித்தார். நல்ல பிள்ளை, ஊருக்குப் புண்ணியம் செய்ய வந்தவர். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே ஒரு பலகையில் எழுதி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நெடுங்கேணிப் பக்கத்தில் நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஊரைப் பயமுறுத்தும் எண்ணம் எனக்கில்லை. பயமுறுத்துவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கனடாவிலிருக்கும் என் தம்பி கிழமைக்கு இரண்டு காணொலியாவது அனுப்புவான்: குழாய்த் தண்ணீரில் அரசாங்கம் புளோரைட்டைக் கலந்து பிள்ளைகளை மந்தமாக்குகிறது என்று. அமெரிக்காவில் பற்சூத்தையைக் குறைப்பதற்காக 1945 முதல் கலக்கிறார்கள் என்பது உண்மை. 2015இல் அங்கே பரிந்துரைத்த அளவு லீற்றருக்கு 0.7 மில்லிகிராம். 2024இல் அந்நாட்டுத் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட அறிக்கை, 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவைத்தான் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவோடு, அதுவும் மிதமான உறுதியோடு, தொடர்புபடுத்தியது. 0.7 பற்றி முடிவு சொல்லத் தரவு போதாது என்றது. காணொலிக்காரர் இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்.

ஆனால் தம்பிக்கு நான் எழுதிய பதில் வேறு. எங்கள் நாட்டில் புளோரைட்டைத் தண்ணீரில் யாரும் கலப்பதில்லை. வன்னியில் அதைப் பாறையே கலக்கிறது. நிலத்தடியிலிருக்கும் பழைய பளிங்குருப் பாறைகளின் கனிமங்களிலிருந்து அது மெல்லக் கரைகிறது. மழை குறைந்த, ஆவியாதல் கூடிய உலர் வலயத்தில் அது கழுவுண்டு போவதுமில்லை. ஆழமான குழாய்க் கிணறுகளில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அதைக் கண்டு பயப்படுகிற எங்கள் பெண்கள் புளோரைட்டைக் காண வழியில்லை. காலம் பிந்திப் பிள்ளையின் நிரந்தரப் பற்களில் கபிலத் திட்டாகக் கண்டுகொள்கிறார்கள். என் வகுப்பறைகளில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகளை எண்ணினால் விரல்கள் போதாது. அவர்களைப் பல் தீட்டவில்லை என்று ஏசிய ஆசிரியர்களில் தொடக்கத்தில் நானும் ஒருத்தி.

இன்னொன்று. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம். கிருமிக்கு அது சரி. புளோரைட்டு கொதித்துப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டால், தேயிலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் புளோரைட்டைத் தரும்.

என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கிருப்பவர்களும் ஆளணியில்லாமல் திண்டாடுகிறவர்களே. நாலு மாதம் கழித்து முழுக்க ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. புளோரைட்டு 1.3. "குடிக்கலாம் ரீச்சர், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5" என்றார் கொடுத்தவர். இலங்கையின் சொந்தக் குடிநீர்த் தரம் 1.0 என்று நான் சொன்னேன். அவர் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த 1.5ஐயும் அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. நாளுக்கு இரண்டு லீற்றர் குடிக்கும் வளர்ந்த ஒருவரை வைத்துத்தான் இத்தகைய கணக்குகள் போடப்படுகின்றன. காலநிலையையும் குடிக்கும் அளவையும் பார்த்து நாடுகள் தங்கள் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர் ஐந்து லீற்றர் குடிக்கிறார். என் கிணற்றுத் தண்ணீரென்றால் அது 6.5 மில்லிகிராம். எல்லா வழியாலும் உடலுக்குள் போவது நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் எலும்புக்குத் தீங்கு வரலாம் என்பதும் அவர்களின் கணிப்புத்தான். காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்லத் தேவையில்லை. 1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் கவனத்துக்கு வந்த அந்த நோய் எங்கள் எல்லைக் கிராமங்களிலும் இருக்கிறது. புளோரைட்டும் தண்ணீரின் கடினத்தன்மையும் சேர்ந்தா, பூச்சிகொல்லியா, களைகொல்லியா, வெயிலில் நீர் வற்றி உழைப்பதா, எல்லாம் சேர்ந்தா என்று அறிவியலாளர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவர்கள் முடிவுக்கு வரும்வரை எங்கள் கிணற்றின் எண்கள் கோப்புக்குள் கிடக்க வேண்டுமா?

குளோரினைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளம் வடிந்த பின் கிணறுகளுக்குக் குளோரின் போட வருபவர்களை எங்கள் சனம் வேலியடியிலேயே திருப்பி அனுப்புகிறது. மணக்கிறதாம், மருந்தாம். 2009இல் போர் முடிந்தபோது மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் கிடந்தவர்களுக்கு அந்த மணம் நினைவிருக்கும். அருவியாற்றுக் கலங்கல் தண்ணீர் தெளிய வைக்கப்பட்டு, குளோரின் போட்டு, பவுசரில் வந்தது. போத்தலை மூக்கருகே கொண்டுபோனால் குமட்டும். அது மணக்காத நாளில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அவ்வளவு சனம் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில் அந்த மணம் ஒரு காவல். முறையாகப் போட்ட குளோரின், லீற்றருக்கு அரை மில்லிகிராம் எஞ்சி நிற்கும் அளவில், எவருக்கும் கேடில்லை. ஆனால் இதை எந்தச் சபையும் கிணற்றடிக்கு வந்து விளக்கிச் சொல்லி நான் கண்டதில்லை. வாளியோடு வருகிறீர்கள், கொட்டுகிறீர்கள், போகிறீர்கள்.

இப்போது சந்திக்குச் சந்தி ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மென்சவ்வால் வடித்த தண்ணீர். அது தேவையான இடங்களில் தேவைதான், மறுக்கவில்லை. அந்த மென்சவ்வு புளோரைட்டோடு கல்சியம், மக்னீசியத்தையும் எடுத்துவிடுகிறது. எடுத்தவற்றைச் செறிவாகச் சுமந்துகொண்டு வெளியேறும் கழிவு நீர் நான் பார்த்த இரண்டு இடங்களில் பக்கத்து வடிகானுக்குள் ஓடுகிறது. கான் எங்கே ஊறுகிறது? அதே நிலத்துக்குள். மென்சவ்வை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் காசு வாங்குபவருக்குத் தெரியாது. இதற்கு ரின் நிரப்பக் காசு கொடுப்பவர்கள் கூலிக்குப் போகிறவர்கள்.

திரும்பவும் பந்தலுக்கு வருகிறேன். கடையில் விற்கும் சோடாப் போத்தலிலாவது 2016 முதல் சீனியின் அளவை நிறத்தால் காட்டும் ஒரு வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியென்றால் சிவப்பு என்று தொடங்கினார்கள். 400 மில்லிலீற்றர் போத்தலில் அது 44 கிராம், ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டி. பாடசாலை வாசலில் விற்கும் ஐஸ் பக்கற்றில் வட்டமுமில்லை, பெயருமில்லை, திகதியுமில்லை. 2007இல் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேற்றும் சேர்ந்த கலவை சில பிள்ளைகளின் துறுதுறுப்பைக் கூட்டுவதாகக் கண்டது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் வந்த ஆறு நிறங்களில் ஏதாவது உள்ள உணவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். பென்சோவேற்றும் உயிர்ச்சத்து சியும் ஒன்றாக இருக்கும் பானம் வெயிலில் கிடந்தால் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். ஏ9 வீதிக் கடைகளில் பெட்டி பெட்டியாகச் சோடா எங்கே அடுக்கியிருக்கிறது என்று அடுத்த முறை கடக்கும்போது வாகனத்தை நிறுத்திப் பாருங்கள். உணவுச் சட்டம் 1980இலிருந்து இருக்கிறது. மாதிரி எடுக்கும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. கடைக்கு உரிமம் கொடுப்பது நீங்கள்.

நான் தடை கேட்கவில்லை. தடைபோட்டால் பக்கற் வாசலிலிருந்து மதிலுக்குப் பின்னால் போகும். புதிய இயந்திரமும் கேட்கவில்லை; திறப்பு விழாக்கள் போதும். நான் கேட்பது தகரத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு பொதுக்கிணற்றடியிலும், குழாய்க் கிணற்றடியிலும், ஆர்.ஓ. நிலையத்திலும், பவுசரின் பக்கவாட்டிலும்: புளோரைட்டு, கடினத்தன்மை, நைத்திரேற்று, பரிசோதித்த திகதி. பக்கத்தில் நாட்டின் எல்லை எது என்று. தமிழில். எண் கூடுதலாக இருந்தால் பச்சைப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வேறு தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி. பந்தலுக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் பவுசர் எங்கே நிரப்பும் என்று ஒரு கேள்வி. மோர் கொடுப்பவருக்கு முன்னுரிமை கொடுத்தால் கோவிலும் மகிழும்.

மழைக்கு முன்னும் பின்னும் எண்கள் மாறும். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை பலகையைத் திருத்தி எழுத வேண்டிவரும். செலவு என்று சொல்லாதீர்கள். கரும்பலகையில் எழுதியே காலம் போக்கிய கை இது. இன்னும் நடுங்கத் தொடங்கவில்லை. நெடுங்கேணிப் பக்கத்துப் பலகைகளை நானே எழுதித் தருகிறேன். தகரமும் வெள்ளைப் பூச்சும் எண்களும் உங்களுடைய பங்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி,
வவுனியா வடக்கு