வதந்தி கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துவோர் மற்றும் தொழிலாளர்கள்,
15 வேலம்பாளையம், திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: அரசியல் நோக்கில் பரப்பப்படும் பொய்ச் செய்திகளை எதிர்கொள்ள மாவட்ட அளவில் நிரந்தர ஏற்பாடு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச் தொடக்கத்தில் வீடியோக்கள் பரவின. ஒன்று, பீகார்க்காரர்களே இரு தரப்பாகத் திருப்பூரில் மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு இதை வீடியோவிலேயே விளக்கினார். அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் அமளியாகி, அங்கிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது.

எங்கள் பகுதியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிய பையனுக்கு ஊரிலிருந்து அம்மா போன் மேல் போன். "இங்கே ஒன்றுமில்லை" என்றால், யாரோ மிரட்டிப் பேச வைக்கிறார்கள் என்று அழுகிறார். வீடியோ காலில் கூடம் முழுக்கச் சுற்றிக் காட்டினான். அப்படியும் ஹோலிக்குக் கிளம்பிய கூட்டத்தோடு ரயில் ஏறிவிட்டான்.

விளக்கம் சரியானதுதான். ஆனால் பயம் பிடித்த பிறகு வந்தது. மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம் இன்று இருந்தாலும், இந்தியோ ஒடியாவோ மட்டும் தெரிந்த டெய்லரின் போன் வரை மறுப்பு போய்ச் சேர வழி வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் தொழிலாளர்கள் நம்பும் ஒருவரை இப்போதே அடையாளம் கண்டு, அவர்கள் வழியாகத் தங்கள் அலுவலகத்தின் மறுப்புக் குரல் பதிவு, வதந்தி கிளம்பும் அன்றைக்கே இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் போய்ச்சேர ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். எழுத்தில் வேண்டாம், நிறையப் பேருக்குப் படிப்பதைவிடக் கேட்பதே எளிது. அவர்களின் சொந்த மாவட்ட நிர்வாகங்களோடும் நேரடித் தொடர்பு வேண்டும், ஏனென்றால் பயம் முதலில் பிடித்தது அங்கிருக்கும் குடும்பங்களைத்தான்.

அப்புறம் பள்ளிகள். கேரளத்தின் கண்ணூரில் 2018-இல் மாவட்ட நிர்வாகமே சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனம்காணும் வகுப்புகளைத் தொடங்கியது. நம் மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளிலும் அப்படித் தொடங்கலாம். வெளிமாநிலக் குழந்தைகளும் அங்கே படிக்கிறார்கள். கற்றது வீட்டுக்கும் போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இந்த ஏற்பாடு அரசை விமர்சிப்பவர்கள் மீது பாயக் கூடாது. பாய்ந்தால், தங்கள் அலுவலகம் சொல்லும் மறுப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே கம்பெனி உரிமையாளர்களையும் தொழிலாளர்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்