முறையான அனுமதியும் முழங்கால் தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு ரியல் எஸ்டேட் இணைப்பில், எங்கள் தெருவை ஒட்டி வரப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் ஒரு வரி: "எல்லா அனுமதிகளும் முறையாகப் பெறப்பட்டுள்ளதால் அக்கம்பக்கத்தினர் அச்சப்படத் தேவையில்லை." அந்த அக்கம்பக்கத்தினரில் நானும் ஒருவன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

தபால் துறையில் 31 வருடம் முத்திரை குத்தியவன் நான். முத்திரை விழுந்துவிட்டாலே கடிதம் போய்ச் சேர்ந்துவிடாது என்று எனக்குத் தெரியும்.

தாழ்வான இடத்தில் பெரிய கட்டடம் என்றால் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், 'இத்தனை அடி மண் கொட்டி உயர்த்து' என்று அதில் நிபந்தனை வரும் என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. இவர்களும் உயர்த்திவிட்டார்கள். ராத்திரியெல்லாம் லாரி. இப்போது என் வாசலில் நின்றால் அவர்களுடைய தரை என் இடுப்புக்கு வருகிறது. காகிதத்தில் எல்லாம் சரிதான். இத்தனை நாள் அங்கே தேங்கிய தண்ணீர் இனி யார் வீட்டுக்குப் போகும் என்று எழுத, விண்ணப்பத்தில் இடம் இல்லை போலும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்தபோது, அந்த இடம் பள்ளமாக இருந்தபோதே, எங்கள் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். மீனவர்கள் படகு கொண்டுவந்துதான் என் மனைவியை மாடியிலிருந்து இறக்கினார்கள்.

அனுமதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருவதற்குப் பழைய காரணங்களும் உண்டு. 1994இல் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லித்தான் எனக்கு இரண்டு மனைகளை விற்றார்கள். தலைவர் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம்தான் அவருக்கு இல்லையாம்! வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு பூங்கா தீட்டியிருந்தார்கள். அது நான்கு மனைகளாகி, நான்கு வீடுகளும் எழுந்துவிட்டன. கேட்டதற்கு, "அது அப்போ போட்ட மேப் சார்" என்றார்கள்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. நல்ல உத்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் மகள் கல்யாணத்துக்கு இரண்டாவது மனையை விற்க நினைத்தது அப்போதுதான். கடன் வாங்கிக் கல்யாணத்தை முடித்தேன். அடுத்த வருடம், அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் வரன்முறைக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம் எல்லாம் கட்டினேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி, "தெரிஞ்சுதானே வாங்கினீங்க?" என்றார். என் மகன் வயதுதான் இருக்கும்.

இப்போதைய விதிப்படி, கட்டும் இடத்தின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஆனால் 10,000 சதுர மீட்டர் வரை, இடம் தர வசதிப்படவில்லை என்றால், அதற்கான பணத்தைக் கட்டிவிடலாம். பிள்ளைகள் அந்த ரசீதின் மேல் பந்து விளையாடிக்கொள்வார்கள்.

சரி, கட்டடத்தை நிறுத்துங்கள் என்று தங்களைக் கேட்கவில்லை. கொட்டிய மண் சரிந்து, தெருமுனைச் சிறுபாலத்தில் இருக்கும் இரண்டு குழாய்களில் ஒன்றை அடைத்துவிட்டது. ஐப்பசி பிறப்பதற்குள் அதை எடுக்க வேண்டும். மூன்று மனு கொடுத்தேன், மூன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். தங்கள் புகைப்படக்காரரை ஒருமுறை அனுப்பிவையுங்கள். முழுப் பக்கம் வேண்டாம், உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டாலே போதும். காலை பத்து மணிக்குள் வரச் சொல்லுங்கள். அப்புறம் லாரிகள் வந்து மறைத்துக்கொண்டு நிற்கும், குழாய் தெரியாது.

இப்படிக்கு,
30 வருட வாசகன்,
தாம்பரம் மேற்கு