தலைக்கு மேலால் போன விமானம்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையில் நேர்கோட்டில் 360 கிலோமீற்றர் கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வீதியால் போவதென்றால் ஏறக்குறைய 400. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே நம்பமாட்டார்கள்.

2016இல் அம்மாவைக் கண் வைத்தியத்துக்காகச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். இரவு ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினோம். விடியப்புறம் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்கா விமான நிலையம். மத்தியானம் கழித்துத்தான் விமானம். மீனம்பாக்கத்தில் இறங்கியபோது அவருக்குக் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. ஒரு கையில் செருப்பு, மறு கையில் என்னைப் பிடித்தபடி குடிவரவு வரிசையில் நின்றார். இத்தனைக்கும் பறந்தது ஒன்றரை மணித்தியாலம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் தேசப்படத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். கட்டுநாயக்காவையும் சென்னையையும் இணைக்கிற கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலால்தான் போகிறது. இரவிரவாகத் தெற்கே போனது, எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால் திரும்பிப் பறக்கத்தான். அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை.

இந்த வழி புதிதும் இல்லை. 1947 டிசம்பரில் அன்றைய தேசிய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கித்தான் மதராசுக்குப் போனது. போர்க்காலம் எல்லாவற்றையும் மூடியது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சந்தோசப்பட்டோம். ஐந்து மாதத்தில் கொரோனா வந்தது. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கட்டுநாயக்கா 2021 ஜனவரியிலேயே உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. பலாலியில் அடுத்த சென்னை விமானம் இறங்கியது 2022 டிசம்பர் 12இல். இடைப்பட்ட காலத்தில் நோயாளிகள் மறுபடியும் இரவு பஸ்ஸில்தான் போனார்கள்.

இப்போது நிலைமை பரவாயில்லை. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. மறுவருடம் திருச்சிக்கும் சேவை வந்தது. அது 200 கிலோமீற்றருக்குள். சென்னைக்குச் சிறிய ஏரிஆர் விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் மட்டில். இறக்கை மேலே இருப்பதால் யன்னலால் கீழே நன்றாகத் தெரியும்.

ஓடுபாதை 1,400 மீற்றர்தான். அதனால்தான் சிறிய விமானங்கள். அதை நீட்டச் சொல்லி நான் கேட்க வரவில்லை. சுற்றியுள்ள காணிகளுக்கு உரித்தாளர்கள் இருக்கிறார்கள், 1990இல் எழும்பிப் போய் இன்னும் முழுதாகத் திரும்ப முடியாதவர்கள். முதலில் அவர்களின் காணி.

நான் கேட்பது சின்ன விசயம். ஆறு மாதத்துக்கான நேர அட்டவணையை முன்கூட்டியே உறுதியாக அறிவியுங்கள். ஆஸ்பத்திரித் திகதி எடுக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சேவையை நிறுத்த நேர்ந்தால், எப்போது தொடங்கும் என்பதையும் அதே அறிவித்தலில் சொல்லுங்கள். விமானம் இறங்குகிற நேரத்துக்கு யாழ் பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ் விடுங்கள், 16 கிலோமீற்றர்தானே.

அம்மாவுக்கு அடுத்த கண்ணும் பார்க்க வேண்டும். திகதி எடுக்காமல் இருக்கிறோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர்