மூட்டின் அசைவே கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு அளவுகோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுவலி, கழுத்துப் பிடிப்பு என்றாலே மாத்திரையும் அறுவை சிகிச்சையும்தான் நம் பேச்சில் முதலில் வருகின்றன. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி அசைத்துத் தரும் கைரோபிராக்டிக் பற்றிய பேச்சோ, கழுத்தைச் சட்டென்று திருப்பும் காணொலிகளைப் பார்த்து வியப்பதோடு அல்லது அஞ்சுவதோடு நின்றுவிடுகிறது. அந்தச் சிகிச்சை மூட்டுக்கு உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பலரும் அறியவேண்டும் என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் வழவழப்பான திரவமே அதற்கு ஊட்டம் தருகிறது. நாம் அசையும்போது குருத்தெலும்பு அழுந்தியும் தளர்ந்தும்தான் அந்தத் திரவத்தை உள்வாங்குகிறது. வலிக்குப் பயந்து மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால், சுற்றியுள்ள தசைகள் இறுகி, மூட்டுறை விறைத்து, அசைவு மேலும் குறைந்து, அந்தக் குறைவே அடுத்த வலிக்கு வழிவிடுகிறது. இந்தச் சுழற்சியிலிருந்து வெளியேற முதல் அசைவை மீட்டுத் தருவதே கைரோபிராக்டிக்கின் பெரும்பயன் என்பது என் கருத்து.

தேர்ந்த சிகிச்சையாளர் எடுத்த எடுப்பில் கழுத்தைத் திருப்புவதில்லை. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்தி, எந்த இடம் இளகிக் கொடுக்கிறது, எந்த இடம் இறுகி நிற்கிறது என்று தடவிப் பார்த்த பிறகே, தேவையான இடத்தில் விரைவான, ஆனால் மிகக் குறுகிய ஓர் அழுத்தம் தருகிறார். பிறகு தலையை இருபுறமும் திருப்பச் சொல்லி, முன்பு திரும்பாத அளவுக்கு இப்போது திரும்புகிறதா என்று ஒப்பிடுகிறார். அழுத்தம் தரும்போது கேட்கும் நெட்டி முறியும் ஓசையை, விலகிய எலும்பு இடத்தில் வந்து அமர்வதாகப் பலர் நம்புகிறார்கள். அது அப்படியன்று. 2015இல் வெளியான ஆய்வொன்றில், விரல் மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் இழுத்துப் பார்த்தபோது, ஓசை எழும் தருணத்தில் மூட்டுத் திரவத்துக்குள் ஒரு குமிழி உருவாவது தெரிந்தது. ஓசை வராவிட்டாலும் சிகிச்சை பலிக்கலாம்.

1895இல் அமெரிக்காவில் இம்முறையைத் தொடங்கிய டேனியல் டேவிட் பால்மர், பெரும்பாலான நோய்களுக்கு முள்ளெலும்பு விலகலே காரணம் என்றார். அதற்கு ஆதாரம் இல்லை. இம்முறையை மதிப்பவர்கள்தாம் அதை முதலில் கைவிடவேண்டும். ஆனால் முதுகுவலியைப் பொறுத்தவரை நிலை வேறு. மருந்துக்கு முன் முயலத்தக்க வழிகளுள் ஒன்றாக முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சையை 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல் குறிப்பிட்டது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனமும் உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்திருக்கிறது.

உடற்பயிற்சியோடு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிகிச்சை மேசையில் கிடைத்த தளர்வு, பழையபடி நாள் முழுதும் குனிந்தே அமர்ந்திருந்தால் விரைவில் மறைந்துவிடும். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைக் கற்றுத்தராமல், திரும்பத் திரும்ப வரச்சொல்வதை மட்டுமே சிகிச்சையாகக் கொள்பவரிடம் போவதில் பயனில்லை.

எலும்புப்புரை உள்ளவர்களும், ரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், புற்றுநோய்க்கு ஆளானவர்களும், முடக்குவாதம் கழுத்தைப் பாதித்தவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இச்சிகிச்சைக்குச் செல்லக்கூடாது. கழுத்தை வேகமாகத் திருப்பியபின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியுள்ளன. ஆகவே முழுமையாகப் பரிசோதிக்காமல் யாரையும் கழுத்தில் கைவைக்க விடக்கூடாது. முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவதோ, கால் வலுவிழப்பதோ, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பதோ நேர்ந்தால் எந்தக் கை சிகிச்சைக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்